ராஜாவுக்கு எதுக்கு சர்நேம்?

1792 டிசம்பர் 11. பாரிஸ் நகரத்தில் டெம்பிள் என்று ஒரு பழைய கோட்டை. அதன் கோபுரத்தில் நாலு மாதமாகக் குடும்பத்தோடு அடைபட்டிருந்தார் 16ம் லூயி. அன்று காலையில்தான் மகனை அவரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோயிருந்தார்கள். மதியம் நகர மேயர் ஆட்களோடு வந்தார். கையில் ஓர் உத்தரவு. "லூயி கப்பே" என்பவரை விசாரணைக்காக நாடாளுமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்று அதை வாசித்தார்கள்.

லூயி முதலில் எழுப்பிய ஆட்சேபங்களில் ஒன்று குற்றச்சாட்டைப் பற்றியதல்ல, பெயரைப் பற்றியது. கப்பே என்பது தன் பெயர் இல்லை, தன் முன்னோர் ஒருவரின் பெயர் என்றார். சொல்லிவிட்டு அவர்களோடு கிளம்பிப் போனார்.

தலை போகிற நேரத்தில் ஒரு மனுஷன் இனிஷியல் தகராறு பண்ணுவாரா என்று தோன்றும். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் அந்த ஒற்றைப் பெயருக்குள் பெரிய சரித்திரமே இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து, ஒவ்வொரு படிவத்திலும் 'கடைசிப் பெயர்' கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடிக்கும் நம் குடும்பங்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ராஜாவின் பெயர் என்ன?

முதலில் லூயி. பழைய ஜெர்மானிய மொழியில் இதன் மூல வடிவம் க்ளோடோவெக் மாதிரி ஒலிக்கும். முதல் பாதி 'புகழ்', இரண்டாம் பாதி 'போர்'. போரில் புகழ் பெற்றவன் என்று வைத்துக்கொள்ளலாம். பிராங்க் இனத்து அரசன் க்ளோவிஸ் (இறந்தது 511) பெயரும் இதேதான். ஜெர்மனியில் லுட்விக், இத்தாலியில் லுயிஜி, பிரான்சில் லூயி. நம்ம ஊர் சுப்பிரமணியன், சுப்பையா, சுப்பு மாதிரி எல்லாம் ஒரே வேர்.

சரி, 16 என்பது? அதுதான் வேடிக்கை. அந்த எண் அவர் குடும்பக் கணக்கே இல்லை. சார்லமேன் பேரரசரின் மகனில் தொடங்கி முதல் ஐந்து லூயிகளும் வேறு வம்சம். ஐந்தாம் லூயி 987ல் வாரிசு இல்லாமல் இறந்தார். அதற்குப் பிறகு வந்த புதிய குடும்பம் பழைய எண்ணிக்கையை அப்படியே தொடர்ந்தது. கிளையில் மானேஜர் மாறினாலும் வவுச்சர் நம்பர் தொடர்ந்து ஓடுவதில்லையா, அதுபோல. குடும்பத்தை மட்டும் எண்ணினால் நம்மவர் 11ம் லூயி!

சர்நேம்? கிடையாது. ராஜாவுக்கு அது தேவைப்படவில்லை. அவருடைய தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் 'பிரான்சின்' என்பதே அடையாளம்: பிரான்சின் எலிசபெத், பிரான்சின் லூயி சார்ல். நாட்டின் பெயரே வீட்டுப் பெயர். ஆயிரம் பேரில் ஒருவனைப் பிரித்துக் காட்டத்தான் சர்நேம். ஒரே ஒரு ஆள் இருக்கும் வரிசையில் அது எதற்கு?

கப்பே எங்கிருந்து வந்தது?

987ல் பிரபுக்களும் ஆயர்களும் கூடி ஹியூ என்பவரை ராஜாவாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் கப்பே. (எழுத்தில் கடைசியில் ஒரு 'ட்' உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் வழக்கம்போல விழுங்கிவிடுவார்கள்.)

பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்: கப்பா என்றால் லத்தீனில் மேலங்கி. ஹியூ சாமியார் இல்லை. ஆனாலும் பல மடங்களின் தலைமைப் பொறுப்பு, அதாவது வருமானத்தோடு கூடிய பொறுப்பு, அவர் கையில் இருந்தது. அதில் ஒன்று தூர் நகரத்தில் இருந்த புனித மார்ட்டின் மடம். மார்ட்டின் படைவீரராக இருந்தபோது குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் கொடுத்தார் என்பது கதை. அந்த மேலங்கியை வைத்துப் பாதுகாத்த இடத்துக்கு 'குட்டி மேலங்கி' என்ற பொருளில் ஒரு பெயர் வந்தது. இன்று நாம் சொல்லும் 'சாப்பல்' என்ற சொல் அதிலிருந்து பிறந்ததுதான்.

ஆக, கப்பே என்றால் 'மேலங்கிக்காரர்'. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி மாதிரி பெருமையான பட்டமும் இல்லை, கேவலமான வசவும் இல்லை. ஒரு தனி மனிதருக்கு வைத்த செல்லப்பெயர் என்று எடுத்துக்கொள்ளலாம். அவருடைய மகனோ பேரனோ அதைக் குடும்பப் பெயராகப் போட்டுக்கொள்ளவில்லை. 'கப்பே வம்சம்' என்பதெல்லாம் பின்னால் வந்த சரித்திர ஆசிரியர்கள் அலமாரியில் ஒட்டிய லேபிள்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஹியூ 987. லூயி 1792. நடுவில் 805 வருடம். நம்மில் ஒருவரை ராஜராஜ சோழன் காலத்துக் கொள்ளுத்தாத்தாவின் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? (ராஜராஜன் பட்டமேற்றது 985. கிட்டத்தட்ட அதே காலம்தான்.) லூயியின் ஆட்சேபம் நியாயமானதுதானே!

பூர்போன் என்று எழுதியிருக்கலாமே?

நியாயமான கேள்வி. அவர் பூர்போன் கிளையைச் சேர்ந்தவர். 1589லிருந்து அந்தக் கிளைதான் ஆட்சியில் இருந்தது. ஆனால் பூர்போன் என்பது குடும்பப் பெயர் அல்ல, ஒரு நிலத்தின் பெயர். ஒன்பதாம் லூயியின் மகன் ராபர்ட் 1272ல் பூர்போன் பகுதிக்கு வாரிசான பியாட்ரிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த நிலம் அவர் சந்ததிக்குப் போயிற்று. பெண் வீட்டுச் சொத்தின் பெயரே வம்சத்தின் பெயரானது.

1790 ஜூன் 19ல் புரட்சி அரசு ஒரு சட்டம் போட்டது. பரம்பரைப் பிரபுத்துவம் ஒழிந்தது, கோமகன், சீமான் பட்டங்கள் எல்லாம் ரத்து, எந்தக் குடிமகனும் தன் குடும்பத்தின் உண்மையான பெயரை மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும் என்று. மிராபோ என்று உலகமே அறிந்த பேச்சாளர் ஒரே ராத்திரியில் 'ரிக்கெத்தி' ஆனார். லஃபாயெத் 'மொத்தியே' ஆனார். "உங்கள் ரிக்கெத்தியால் மூன்று நாளாக ஐரோப்பாவே குழம்பிப் போயிற்று" என்கிற மாதிரி மிராபோ பத்திரிகைக்காரர்களிடம் சீறினார் என்று சொல்வார்கள்.

இந்தச் சட்டப்படி பூர்போன் செல்லாது. அது ஜமீன் பெயர். அப்படியானால் ராஜாவின் 'உண்மையான' குடும்பப் பெயர் எது? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லவே இல்லை. கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் அரசாங்கத்துக்குக் கை அரிக்கும். 805 வருடம் பின்னால் போய் ஒரு பெயரை எடுத்து வந்து நிரப்பிவிட்டார்கள்.

பதிவேடு பிறந்த நாள்

இந்த இடத்தில் ஒரு தேதிப் பொருத்தம். வங்கிக்காரன் என்பதால் இது என் கண்ணில் பட்டது.

அதுவரை பிரான்சில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் பதிவு செய்தது கத்தோலிக்க சர்ச். 1792 செப்டம்பர் 20ல் அந்தப் பதிவேடுகளை நகராட்சிகளிடம் ஒப்படைக்கச் சட்டம் வந்தது. மறுநாள், செப்டம்பர் 21, முடியாட்சி ஒழிக்கப்பட்டது. அதாவது அரசாங்கப் பதிவேடு முதல் நாள் பிறந்தது, ராஜா மறுநாள் சாதாரண ஆள் ஆனார். இரண்டு வருடம் கழித்து, 1794 ஆகஸ்டில், பிறப்புப் பதிவில் இருக்கும் பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சட்டம் ஆயிற்று. இன்று நாம் கே.ஒய்.சி. என்று உயிரை வாங்குகிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான்.

இதில் மனதைத் தொடும் விஷயம் ஒன்று உண்டு. சர்ச் பதிவேட்டில் இடமில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? 1685க்குப் பிறகு புராட்டஸ்டண்ட் மக்களுக்குச் சட்டப்படி திருமணமே கிடையாது. பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையற்ற பிள்ளைகள். நூறு வருடத்துக்கு மேல் இப்படி. 1787 நவம்பரில் அவர்களுக்கும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு உண்டு என்று ஓர் ஆணை வந்தது. கையெழுத்துப் போட்டவர் இதே 16ம் லூயி. அதற்காக வாதாடிப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் மால்செர்ப் என்ற மூத்த அமைச்சர். பெயரில்லாதவர்களுக்குப் பதிவேட்டில் ஒரு வரி வாங்கிக் கொடுத்த இருவர். இந்த மால்செர்ப் திரும்ப வருவார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொய்ப் பெயரும் கேட்டு வாங்கிய பெயரும்

லூயி பெயர் மாற்றிக்கொண்ட ஒரு ராத்திரியும் உண்டு. 1791 ஜூன் 20. குடும்பத்தோடு பாரிஸிலிருந்து தப்பி ஓடினார். பாஸ்போர்ட் கோர்ஃப் என்ற ரஷ்யச் சீமாட்டியின் பெயரில். பிள்ளைகளின் ஆயா சீமாட்டியாக வேஷம் போட்டார். ராணி ஆயாவாக. ராஜா, வேலைக்காரர் 'துரான்'. மறுநாள் இரவு வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டார்கள். வழியில் அடையாளம் கண்டவர் துரூவே என்ற தபால் நிலைய அதிகாரி. காகிதப் பணத்தில் அச்சிட்டிருந்த முகத்தோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார் என்பது காலம் காலமாகச் சொல்லப்படும் கதை. பெயரை மாற்றலாம், நோட்டில் இருக்கும் முகத்தை என்ன செய்வது?

இன்னொரு பக்கம் அவருடைய உறவினர் ஒருவர், ஓர்லியான் கோமகன் பிலிப். புரட்சிக் கட்சியில் சேர்ந்துவிட்டவர். 1792 செப்டம்பரில் பாரிஸ் நகராட்சியிடம் தனக்குப் புதுப் பெயர் கேட்டார். கிடைத்தது 'எகாலித்தே'. அதாவது சமத்துவம். பிலிப் சமத்துவம்! அவரும் ஹியூ வழி வந்தவர்தான். ஆனால் அவரைக் கப்பே என்று யாரும் எழுதவில்லை. ஒரே ரத்தம். ஒருவருக்கு மேலங்கி, இன்னொருவருக்கு சமத்துவம். உண்மையான குடும்பப் பெயர் என்ற கொள்கை எங்கே போயிற்று? அந்தக் கட்டத்தை நிரப்பியது ரத்தம் அல்ல, அதிகாரம்.

அந்தப் பெயர் அவரைக் காப்பாற்றியதா என்றால் அதுவும் இல்லை. லூயிக்கு மரண தண்டனை என்று ஓட்டுப் போட்டார். 1793 நவம்பரில் அவர் தலையும் போயிற்று.

குடிமகனா, ராஜாவா?

இப்போது விசாரணைக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்த முழுக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கப்பே என்று பெயர் வைத்ததன் அர்த்தம் என்ன? நீ இனிமேல் ராஜா இல்லை, எல்லோரையும் போல ஒரு குடிமகன். சரி, நல்லதுதான். அப்படியென்றால் குடிமகனுக்கு உள்ள சட்டப் பாதுகாப்புகள் உண்டா? குற்றம் சாட்டுபவர் வேறு, தீர்ப்புச் சொல்பவர் வேறு என்று இருக்குமா? இல்லை. நாடாளுமன்றமே குற்றம் சாட்டியது, அதுவே தீர்ப்பும் சொன்னது. வக்கீல் தெ செஸ் டிசம்பர் 26ல் இதைத்தான் கேட்டார். குடிமகனாக விசாரிக்கிறீர்கள் என்றால் குடிமகனுக்குரிய முறைகள் எங்கே என்று.

மறுபக்கம் சேன் ஜுஸ்த் என்ற இளைஞர் நவம்பரிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார். இவரைக் குடிமகனாக விசாரிக்கவே கூடாது, எதிரியாகத்தான் நடத்த வேண்டும் என்று. கொடூரமான வாதம், ஆனால் அதில் ஒளிவுமறைவு இல்லை. நாடாளுமன்றம் இரண்டுக்கும் நடுவில் போயிற்று. அழைக்கும்போது குடிமகன், தண்டிக்கும்போது ராஜா.

தீர்ப்பின் வாசகத்தைப் பாருங்கள். 'பிரெஞ்சுக்காரர்களின் கடைசி அரசரான லூயி கப்பே' தேசத்தின் சுதந்திரத்துக்கு எதிராகச் சதி செய்த குற்றவாளி என்று வருகிறது. ஒரே வரியில் இரண்டு ஆட்கள்! எங்கள் பாஷையில் சொன்னால் இது 'அலையஸ்' போட்ட கணக்கு. ஓட்டுப் போட்ட 721 பேரில் 361 பேர் நிபந்தனையின்றி மரண தண்டனை என்றார்கள். 1793 ஜனவரி 21 காலை தண்டனை நிறைவேறியது.

லூயி குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டு அரசர்களின் உதவியை நாடினார், ஏற்றுக்கொண்ட அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இல்லை. பசியில் கிடந்த ஜனங்களின் கோபத்துக்கும் காரணம் இருந்தது. என் கேள்வி சின்னது. ஒருவரைச் சமமாக்குவதற்காக வைத்த பெயரில் அந்தச் சமத்துவம் இருந்ததா?

அந்த அறையில் ஒருவர் மட்டும் பெயரை மாற்றவில்லை. மால்செர்ப். 71 வயதில், யாரும் கூப்பிடாமல், தானே வந்து லூயிக்காக வாதாட முன்வந்தவர். கடைசி வரை அவரைப் பழைய மரியாதையோடுதான் அழைத்தார். 1794 ஏப்ரலில் மகள், பேத்தியோடு சேர்த்து அவரையும் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள்.

தொழில்: கடைசி ராஜா

1793 மார்ச் 18 தேதியிட்ட லூயியின் இறப்புப் பதிவு ஒன்று உண்டு. எனக்கு இந்தக் கதையில் மிகவும் கனமாகத் தோன்றும் காகிதம் அதுதான். பெயர்: லூயி கப்பே. தொழில்: பிரெஞ்சுக்காரர்களின் கடைசி அரசர். வயது: 39. முகவரி: டெம்பிள் கோபுரம், பாரிஸ்.

வயது கூடத் தப்பு. 1754 ஆகஸ்டில் பிறந்தவருக்கு அப்போது 38தான் முடிந்திருந்தது. பதிவேட்டுக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நம்ம தொழிலும் அதுதானே :-)

ராணி மரி அந்துவானெத் 'விதவை கப்பே' ஆனார். அக்டோபரில் நீதிமன்றத்தில் பெயர் கேட்டபோது அவர் கப்பே என்று சொல்லவில்லை, பிறந்த வீட்டுப் பெயரான லொரேன், ஆஸ்திரியாவைச் சொன்னார். மகன் லூயி சார்ல் 1795 ஜூன் 8ல் அதே கோபுரத்தில் இறந்தான். வயது பத்து. பதிவேட்டில் அவனும் கப்பே.

ஆனால் அவன் சித்தப்பா வேறு கணக்கு வைத்திருந்தார். அப்பா இறந்த நொடியிலேயே பையன் 17ம் லூயி என்பது அவர் கட்சி. பையன் இறந்ததும் தன்னை 18ம் லூயி என்று அறிவித்துக்கொண்டார். 1814ல் நாடு திரும்பிப் பதவி ஏற்றபோது கையெழுத்திட்ட சாசனத்தில் 'எமது ஆட்சியின் 19ம் ஆண்டு' என்று எழுதினார்! நடுவில் குடியரசும் நெப்போலியனும் வந்துபோனதே கணக்கில் இல்லை. 2000ல் மரபணுச் சோதனை செய்து, 2004 ஜூன் 8ல் அந்தப் பையனின் இதயத்தைச் செயின்ட் தெனி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள், 17ம் லூயியாக. ஒருநாளும் ஆட்சி செய்யாத ஒரு குழந்தைக்கு இரண்டு லெட்ஜரில் இரண்டு பெயர். அவனை யாராவது கேட்டார்களா?

நம்ம பாண்டிச்சேரி

இந்தப் பதிவேடு நம் கரைக்கும் வந்தது. 1881 செப்டம்பர் 21ல் பிரெஞ்சிந்தியாவுக்கு ஓர் ஆணை. சாதி, சமய வழக்கப்படியான தனிச்சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வர விரும்புகிறவர்கள் அப்படி அறிவிக்கலாம், ஆனால் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று. இதில் முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்'. அதாவது வாசல். சமமாக நடத்தப்படுவதற்கான வாசல் என்று நினைத்தாரோ என்னவோ, அழகான பெயர். லூயிக்குப் பெயர் திணிக்கப்பட்டது, இவர்கள் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் கட்டம் அதே கட்டம்தான். காலியாக விட அனுமதி இல்லை.

நமக்கும் அதே. ஊரில் 'எஸ். முருகன்' என்றால் முடிந்தது கதை. இங்கே வந்ததும் அந்த 'எஸ்' விரிந்து அப்பா பெயராகி, கடைசிப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் ஆபீஸில் எல்லோரும் நம்மை அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். என் கவுண்டருக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் அப்பாவுக்கு ஒரு சர்நேம், பிள்ளைக்கு வேறு சர்நேம். இவர்கள் நிஜமாகவே ஒரே குடும்பமா என்று வடக்கத்தி சக ஊழியர் என்னிடம் சந்தேகம் கேட்பார். ஒவ்வொரு தடவையும் விளக்கிச் சொல்வேன்.

நம் கஷ்டம் கில்லட்டின் அளவுக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லூயி அன்றைக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும். படிவம் கேட்பதால் மட்டும் ஒன்று நம் பெயராகிவிடாது.

அதனால் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யுங்கள். தாத்தா பெயரோ, ஊர்ப் பெயரோ, அப்பா அம்மா பெயரோ, எதுவானாலும் சரி. எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி எல்லாக் காகிதத்திலும் வரட்டும். இது வங்கிக்காரன் புத்திமதி. அது யாருடைய பெயர், ஏன் உன் பெயரோடு சேர்ந்து வருகிறது என்று பிள்ளையிடம் சொல்லியும் வையுங்கள். நாளைக்கு யாராவது வேறு பெயரை வாசித்தால், அது என் பெயர் இல்லை என்று சொல்வதற்காவது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?